கொசுவே இல்லாத ராஜ்யம்

ரப்பர் விலை படுத்துக்கொண்டு, வயசானவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மலாயாவில், ஜொகூரில் காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கொசு எண்ணெய்க்காரன். முதுகில் எண்ணெய்த் தகரத்தைக் கட்டிக்கொண்டு கால்வாய், பள்ளம், ஓடை என்று தேங்கின தண்ணீரில் எல்லாம் தெளிக்க வேண்டும். அதற்கு முன்னால் வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தண்ணீரை மொண்டு, கொசுப்புழு நெளிகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அப்போது வயசு ஐம்பத்தைந்துக்கு மேலே. எவ்வளவு மேலே என்பதைத் தோட்டத்து ஆபீசிலேயே சொல்லவில்லை, உங்களிடம் சொல்லிவிடுவேனா?

அந்த வருஷம் ஓர் அதிசயம் நடந்தது. என் கோப்பையில் புழுவே விழவில்லை. எந்தப் பள்ளத்தில் மொண்டாலும் பளிங்குத் தண்ணீர். சாயங்காலம், கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். ஒரு கொசுகூடப் பாடவில்லை. முன்பெல்லாம் காதோரம் வந்து கச்சேரி வைத்தவை எங்கே போய்த் தொலைந்தன? யோசித்து யோசித்துக் காரணத்தையும் கண்டுபிடித்தேன்: என் கைராசி.

லயம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடையில் இரண்டு மாசம் எண்ணெயே தெளிக்கவில்லை. புழு இல்லாத தண்ணீருக்கு எண்ணெய் எதற்கு? மிச்சம் பிடித்த தகரங்களைக் காட்டி, வேலை மேற்பார்க்கும் மண்டோரிடம் சபாஷும் வாங்கினேன்.

என் வீட்டுக்காரி மட்டும் அந்தி சாய்ந்தால் கையிலும் காலிலும் பளார் பளார் என்று அடித்துக்கொள்வாள்.

"ஏங்க, கொசு புடுங்குது. ஓடைப் பக்கம் ஒருதரம் போய்ப் பாருங்க."

"என் ராஜ்யத்துல கொசுவா? என் நல்ல பேரு உனக்கே பொறுக்கல புள்ள" என்று முழங்காலைச் சொறிந்துகொண்டே சொன்னேன். ஆமாம், சொறிந்துகொண்டேதான். அதை எறும்புக் கடி என்று முடிவு கட்டியிருந்தேன்.

மூன்றாம் மாசம் எங்கள் லயத்தில் குளிர்காய்ச்சல் புகுந்தது. முதலில் பக்கத்து வீட்டுக்காரர், அப்புறம் அவர் மருமகள், அப்புறம் என் வீட்டுக்காரி. இரண்டு கம்பளிக்கு மேலே கோணிச்சாக்கைப் போர்த்தியும் அவளுக்குப் பல் கிட்டியது. பிறகு உடம்பு அனலாகக் கொதித்தது. கண்ணைத் திறந்து, "நீங்க யாரு?" என்று என்னையே கேட்டாள். எனக்கு உயிரே இல்லை. அப்போதும் என் வாய் அடங்கியதா? கொசுவெல்லாம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவை என்று ஊரோடு வாதாடினேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று பேருக்கும் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்துவிட்டு, என்னை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போனார். என் கோப்பையை வாங்கி அவரே மொண்டார்.

"என்ன தெரியுது?"

"நல்ல தண்ணி ஐயா. குடிக்கலாம்."

"அப்ப குடிச்சுப் பாருமன்" என்றவர், எழுதும்போது போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து என் மூக்கில் மாட்டினார்.

கோப்பைக்குள் ஓர் ஊரே இருந்தது. தண்ணீரின் மேலே துரும்பு துரும்பாகப் புழுக்கள் படுத்துக் கிடந்தன. விளிம்பைத் தட்டினால் வெடுக்கென்று பின்பக்கமாக நழுவின. வெட்கத்தில் தலை குனிய வேண்டிய நேரம்தான். நானும் குனிந்தேன், இன்னும் கிட்டத்தில் பார்ப்பதற்கு! தட்டித் தட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவனிடமிருந்து அவர் கண்ணாடியைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் அவர் எங்கள் வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருந்த கொசு ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, பஞ்சால் அடைத்து, என் காதில் வைத்தார்.

"கேக்குதோ?"

"செத்த கொசுவ வச்சு என்ன ஐயா விளையாட்டு?"

குழாய் பக்கத்து வீட்டுக்காரர் காதுக்குப் போனது. "அலமாக்! இந்தக் கத்து கத்துது, இது செத்ததா?" என்றார் அவர். லயத்துச் சனம் வரிசையில் நின்று கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. கடைசியில் பாயில் கிடந்தவள் காதிலும் வைத்தார்கள். அவள் கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தாள்.

"எத்தன நாளா தலபாடா அடிச்சுக்கிட்டேன்? கேட்டீங்களா, பெரிய ராசா?"

என்னை அடையாளம் தெரிந்து திட்டினாள்! அவ்வளவு இனிமையான திட்டை நான் அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை.

வயது போனால் கீச்சென்ற மெல்லிய சத்தம்தான் முதலில் காதை விட்டுப் போகும், கிட்டத்தில் உள்ள பொடியும் கண்ணுக்குப் பிடிபடாது என்றார் டிரெசர். கண்ணுக்கும் காதுக்கும் ஒரே சமயத்தில் தீர்ப்பாகிவிட்டது.

"எனக்கு எப்ப ஐயா கப்பல்?" என்று கேட்டேன்.

"உம்மை அனுப்பினால் இந்தப் பள்ளமெல்லாம் ஆருக்குத் தெரியும்? கண்ணாடி ஒண்டு வாங்கும். மனுசி சொன்னால் கேளும்."

மூன்று பேரும் பிழைத்து எழுந்தார்கள். குளுவாங் டவுனில் கண்ணாடி வாங்கினேன். புழு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒரு பள்ளம் விடாமல் எண்ணெய் தெளித்தேன். அந்தி நேரத்தில், "பாடுதா புள்ள?" என்று வீட்டுக்காரியைக் கேட்பதும் என் வேலையில் ஒன்றாகிவிட்டது.

இன்றைக்கும் எங்காவது உட்கார்ந்து, அடடா, என்ன அமைதி என்று மனசு குளிரும்போது, நிஜமாகவே அமைதிதானா, இல்லை எனக்கு மட்டும்தானா என்று பக்கத்தில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்ட பிறகுதான் சந்தோஷப்படுகிறேன்.