கண்ணாடிக்கு உள்ளே இருந்த கை

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. இது என் மனைவிக்கு நடந்தது. பேய்ப் படம் பார்த்துக்கொண்டே குறட்டை விடுகிற ஆள் அவள். அவள் சொன்னபோது நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

நடுராத்திரி இல்லை. சுடுகாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.40.

அவள் வேலை ஓர் ஆய்வுக்கூடத்தில். சில குழந்தைகள் ஏதாவது ஒரு நொதி, அதாவது என்சைம், இல்லாமலே பிறக்கின்றன. பெற்றோர் வழியாக வருகிற குறை அது. தோலில் மிளகளவு கிள்ளி அனுப்புவார்கள். அதிலிருந்து செல்களை எடுத்து, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் குடுவையில் வளர்ப்பது இவள் பொறுப்பு. வளர்ந்த செல்லைச் சோதித்தால் எந்த நொதி இல்லை என்று தெரிந்துவிடும். செல்லுக்கு லீவு கிடையாது. ஞாயிறானாலும் ரோஜா நிற ஊட்டத் திரவத்தை மாற்றியாக வேண்டும். அதனால் அங்கே அவளுக்கு 'ஆயா' என்று பட்டப்பெயர்.

41ஆம் எண் ஒரு பெண் குழந்தை. நான்கு வயதில் இறந்துபோனாள். என்ன குறை என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. அவள் செல்கள் மட்டும் உறைபெட்டியில் உயிரோடு இருந்தன. இப்போது அவளுடைய அம்மாவுக்கு இரண்டாவதாக ஓர் ஆண் குழந்தை. அக்காவுக்கு இல்லாத நொதி எது என்று தெரிந்தால், தம்பிக்கும் அதையே பார்த்து உடனே மருந்து தொடங்கலாம். விட்டால் அவனும் அக்கா போன வழிதான். அதனால் அக்காவின் செல்களை உறைபெட்டியிலிருந்து எடுத்து மறுபடி வளர்த்தார்கள்.

12ஆம் எண், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வளர்க்கும் ஆரோக்கியமான ஒரு பையனின் செல். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் அங்கே ஒரு கண்டிப்பான விதி. ஒரு நேரத்தில் ஒருவர் குடுவையைத்தான் திறக்க வேண்டும்.

வியாழக்கிழமை அவள் இரண்டையும் திறந்துவிட்டாள். எங்கள் பையனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன். அவசர அவசரமாகச் செல்களைப் புதுக் குடுவைகளுக்கு மாற்றி, எண்களைக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டு ஓடி வந்தாள். அன்று ராத்திரிதான் சந்தேகம் வந்தது. சரியாகத்தான் எழுதினேனா...

யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வருடமாக ஒரு தப்பும் செய்யாதவள், வெட்கம் பிடுங்கித் தின்றது. திங்கள் காலை 9 மணிக்குச் சோதனை. மாறியிருந்தால் 41 'குறையில்லை' என்று வரும். வேறெங்கோ தேடப் போய்விடுவார்கள். அதற்குள் அந்தக் குழந்தை...

ஞாயிறு மதியம் தனியாகப் போனாள். கட்டிடத்தில் ஈ காக்கை இல்லை.

2.40. குடுவைகளை உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரின் வெளிக்கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அதில் ஆவி படிந்திருந்தது. ஆவியின் நடுவே ஒரு கைத்தடம். சின்னக் கை. ஐந்து விரலும் நன்றாக விரிந்து, கீழ்த் தட்டில் இருந்த 12ஆம் எண் குடுவைக்கு நேராக.

யாராவது குழந்தையைக் கூட்டி வந்திருப்பார்கள் என்று துணியால் துடைத்தாள். போகவில்லை.

தடம் கண்ணாடியின் உட்பக்கம் இருந்தது.

கதவைத் திறந்து உள்ளே துடைத்தாள். மூடினாள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

2.52. டொக்... டொக்...

கண்ணாடியை யாரோ தட்டுவதுபோல.

திறந்தாள். அதே இடம். அதே கை.

அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. 12ஐ மேல் தட்டில் வைத்தாள். 41ஐக் கீழே வைத்தாள். மூடினாள்.

3.05. டொக்...

திறந்தாள்.

கை மேலே இருந்தது.

12க்கு நேராக.

தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு தலைமை டாக்டருக்குப் போன் செய்தாள்.

"மேடம், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். 41ம் 12ம் மாறியிருக்கு."

"எப்படித் தெரியும்?"

"தெரியும், மேடம். நாளைக்குச் சோதனையை நிறுத்துங்க."

திட்டு வாங்கினாள். ஆனால் நிறுத்தினார்கள். 12 பையன், 41 பெண். குரோமோசோமை வைத்து ஆணா பெண்ணா என்று பார்த்தாலே போதும். 12 என்று எழுதிய குடுவையில் இருந்தது பெண் குழந்தையின் செல்தான்.

நொதி எது என்று தெரிந்தது. தம்பிக்கும் அதே குறை. பிறந்து ஐம்பதாவது நாள் மருந்து தொடங்கியது.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மா குழந்தையோடு வந்தாள். ஆய்வுக்கூடத்து ஆட்களைப் பொதுவாக யாரும் தேடி வருவதில்லை. அவள் நன்றி சொல்லச் சொல்ல என் மனைவிக்குக் கூசியது. அவர்கள் கிளம்பும்போதுதான் என் மனைவி கேட்டாள்.

"மூத்தவ கை... ரொம்பச் சின்னதா இருக்குமா?"

"சின்னதுதான். ஆனா அவ கை விரிஞ்சு நான் பாத்ததே இல்லைங்க. ஒரு வயசுலேயே விரல் எல்லாம் உள்ள மடங்கிப் போச்சு. நீட்டப் பாத்தா வலியில துடிப்பா. கடைசியா குளிப்பாட்டறப்பக்கூட அப்படியேதான் இருந்துச்சு. ஏன் கேக்கறீங்க?"

என் மனைவியால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டாள்.

அந்த அம்மா அலறவில்லை, அழவும் இல்லை. கையில் இருந்த குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள்.

"அஞ்சு விரலுமா?" என்றாள்.

"அஞ்சு விரலும்."

"நல்லா நீட்டியா?"

"நல்லா நீட்டி."

அந்த அம்மா முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.