ஃப்ரீசரில் வெடித்த கறுப்பு பீர்

திண்டிவனத்தில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் பீர் வாங்கப் போனால், "கூலிங் இல்லீங்க, வேணும்னா எடுத்துக்கினு போங்க" என்பார்கள். அதனால் எந்த பீர் கைக்கு வந்தாலும் நேராக ஃப்ரீசரில் போடுவது என் வழக்கம்.

சென்னையில் வேலை பார்க்கும் மனைவியின் தம்பி, ஸ்டவுட், போர்ட்டர் என்று நான்கு பாட்டில் கறுப்பு பீர் கொண்டுவந்தான். "காபி வாசம் வரும் மாமா, வெல்லம் மாதிரி லேசா இனிக்கும்" என்றான்.

வழக்கம்போல் ஃப்ரீசரில் வைத்தெடுத்த முதல் பாட்டில் வெறும் கரித்தண்ணி. இரண்டாவதும் அதே கசப்பு. குளிர் போதவில்லையோ என்று, கடுப்பில் மீதி இரண்டையும் காலையிலிருந்து மதியம்வரை ஃப்ரீசரிலேயே விட்டேன். மூன்றாவது படாரென்று வெடித்தது. மீன் எடுக்கப் போன மனைவி இரண்டடி தூரத்தில் இருந்ததால் தப்பித்தாள். ஒரு கிலோ வஞ்சிரம் கண்ணாடிச் சில்லோடு குப்பைக்குப் போனது.

மாலையில் பார்த்தால் நான்காவது பாட்டில் சமையல் மேடைமேல் நின்றது.

"இது வேற வெடிக்கணுமா? அப்பவே எடுத்து வெளிய வச்சிட்டேன். ஒரே பேஜாரு!" என்றாள்.

எரிச்சலோடு அப்படியே ஊற்றிக் குடித்தேன். காபி வாசம் வந்தது. வெல்லமும் தெரிந்தது.

அப்புறம்தான் லேபிளைப் பார்த்தேன். அதிகம் குளிரவைக்க வேண்டாம் என்று அச்சடித்திருந்தது. இப்போதெல்லாம் கறுப்பு பீரைக் குடிப்பதற்கு அரை மணி முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுகிறேன்; அதற்கும் முன்னால் லேபிளைப் படிக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம், "அட்டையில போட்டிருக்கறத படிச்சிட்டு மாட்டுங்க" என்று நாள் முழுக்கக் கத்துகிறவன் நான்தான்.