பாக்கியத்தின் கைக்கு எறிந்த பந்து

சுட்ட கல்லின் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது... உமிப்புகை மணமும்தான்.

ஏறாவூருக்கு இந்தப் பக்கம், வாவியோரம் இருந்தது செங்கல் சுடுகிற அந்தக் கல்வாடி. ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளியால் நிற்பாட்டி அங்கே அனுப்பினார்கள். நான் கீழே நின்று செங்கல்லை எறிவேன். லொறிக்கு மேலே நின்று என் கூட்டாளி பாக்கியம் பிடிப்பாள். ஒவ்வொரு கல்லாக, ஒற்றைக் கையால், கீழால் வீசி... பொழுது சாயும் வரைக்கும்.

எனக்குப் பதினாறு வயதில், சேர்ச்சுக்கு வந்த வெள்ளைக்காரச் சாமி ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு சொஃப்ட்போல் பழக்கினார். பந்தைக் கீழ்க்கையால் எறிய வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“கல்லெறியிறவள்தானே, இவள்ட பந்து பறக்கும்!”

எறிய நான். அடிக்கிறவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கப் பாக்கியம்.

சித்திரை வருசத்துக்கு டவுன் பிள்ளைகளோடு மெட்ச். என் பந்து எங்கே பறந்தது? மிதந்தல்லவா போனது... வந்தவள் எல்லாம் அடித்தாள். போஸ்ட்மாஸ்டரின் மகள் விமலா பெற் மட்டையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: “என்னகா, உன்ட பந்துக்கு நித்திரையா?”

சனமெல்லாம் சிரித்தது. ஐம்பது வருசம் ஆகப் போகிறது. அவளுடைய பேத்தியின் கலியாணத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போகவில்லை.

பலமெல்லாம் கொடுத்து எறிந்தேன். தோள்தான் எரிந்தது, பந்து ஓடவில்லை. இனி ஒருத்தி அடித்தாலும் ஆளை மாற்றுவேன் என்று சாமி சொல்லிவிட்டார். அடுத்து அடிக்க வந்தவள் மறுபடியும் விமலா.

பாக்கியம் எழும்பி என்னிடம் வந்தாள்.

“அடியே, நீ பந்தா எறியிறாய்? எனக்குக் கல்லுத்தான் எறியிறாய்.”

அப்போதுதான் விளங்கியது. கல் மேலே போய் அவள் கையில் மெல்ல வந்து இருக்க வேண்டும். வேகத்தோடு போனால் விரல் போய்விடும். அதனால் கையை விடுகிற நேரம் இடுப்பைத் தளர்த்தி, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து எறிந்தே பழகியிருந்தேன். பந்தையும் அப்படியே எறிந்திருக்கிறேன்...

“உடைஞ்ச கல்லக் குழிக்குள்ள எப்படி எறிவாய்? அப்படி எறி.”

“உன்ட கை?”

“என்ட கைய நீ பாக்காத.”

அவளுக்கு இருந்தது உள்ளங்கைத் தையல் பிரிந்த பழைய கிளவுஸ். நல்லதை விருந்தாளிகள் என்று டவுன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார் சாமி. அதையும் நான் மறக்கவில்லை.

உடைந்த கல்லுக்கு மறுபக்கத்தில் ஆளில்லை. இடது காலை நீளமாக எட்டி ஊன்றினேன். இடுப்பு திரும்பியது. கை கயிற்றின் நுனி மாதிரி கடைசியில் வந்தது. தொடைக்குப் பக்கத்தில் மணிக்கட்டைச் சொடுக்கி விட்டேன்.

சட்!

பந்து போய் விழுந்த பிறகுதான் விமலா பெற்றை வீசினாள். பாக்கியம் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தாள். “ம், எறி!” என்றாள்.

இரண்டாவது. மூன்றாவது. விமலா அவுட்.

மெட்ச்சில் தோற்றுத்தான் போனோம். அதனால் என்ன, அவள் மூன்று பந்தையும் தொடவில்லை.

அடுத்த நாள் வீங்கின கையோடு லொறியில் ஏறி நின்றாள் பாக்கியம். எனக்குக் கையை வீசவே மனம் வரவில்லை. மேலே இருந்து கத்தினாள்: “புள்ளத்தாச்சிக்குப் பூக் குடுக்கிற மாதிரி எறியாதகா! லொறி எப்ப நிறையிற?”

இப்போது என் பேத்தியும் பள்ளியில் சொஃப்ட்போல் எறிகிறாள். போனில் ஸ்லோமோஷன் வைத்து, கால் இப்படி, இடுப்பு இப்படி, மணிக்கட்டு இப்படி என்று கோடு கீறிப் பார்க்கிறார்கள். பிடிக்கிற பிள்ளைக்கு முகமூடி, நெஞ்சுக்குக் கவசம், தலையணை மாதிரி கிளவுஸ். இருக்கட்டும்... அப்படித்தான் இருக்க வேண்டும்.

போன திருவிழாவில், மண்டூர்க் கோயில் வீதியில் பாக்கியத்தைக் கண்டேன். கையைப் பிடித்துப் பார்த்தேன். மோதிர விரல் இன்னும் நிமிரவில்லை.

“இது பந்தாலயா, கல்லாலயா புள்ள?” என்று கேட்டேன்.

“ரெண்டும் நீதானே எறிஞ்ச,” என்றாள். கையை எடுக்கவில்லை.