நிழலில் உலர்த்தக் கூடாதது

போடி ஊர் வெயிலில் ஆக்ஸலாட்டில் என்கிற நீர்ப்பிராணி பிழைக்காது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வளர்த்துக் காட்டினேன். இன்றைக்கும் யாராவது முடியாது என்றால் சண்டைக்கு நிற்பேன். அந்த வயதில் சட்டைப் பொத்தானைச் சரியான துளையில் மாட்டத் தெரியாதவன் நான் என்பது வேறு விஷயம்.

கோயம்புத்தூர்ச் சித்தப்பா முழுப்பரீட்சை லீவுக்குக் கொண்டுவந்த பரிசு அது. நாலு கால், வெள்ளை உடம்பு, தலைக்கு இருபுறமும் சிவப்புக் குஞ்சமாய்ச் செவுள்கள், எந்நேரமும் சிரித்த முகம். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறது என்று பெருமைப்பட்டேன். சுவரைப் பார்த்தும் அப்படியேதான் சிரித்தது.

"தண்ணி சில்லுனு இருக்கணும்டா. கொழாத்தண்ணிய அப்படியே ஊத்திராத, இந்தச் சொட்டு மருந்த விட்டு ஊத்து. கல்லு போடாத, முழுங்கிரும். மண்புழு குடு. தூக்கிக் கொஞ்சாத" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா பஸ் ஏறிவிட்டார்.

அப்பா காய் வியாபாரி. எங்கள் ஊரில் காய் என்றால் ஏலக்காய். காதோரம் குலுக்கிப் பார்த்தே ஈரம் சொல்வார். சாக்கு வாயை வேறு யாரையும் கட்டவிடமாட்டார். அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க ஆள் கிடையாது. ஈரம்தான் அவருக்குப் பரம எதிரி. அந்த வீட்டில்தான் நான் ஒரு தொட்டி ஈரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெயில் ஏற ஏறத் தண்ணீர் வெதுவெதுத்தது. ஒரு காலை, செவுளில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மண்புழுவையும் தொடவில்லை. அப்பா எட்டிப் பார்த்தார். அவருக்கா தெரியாது?

"பூஞ்சை புடிச்சிருச்சுடா. வெளிய எடு. வெயில்ல வேணாம், நெறம் வெளுத்துரும். சாக்க விரிச்சு நெழல்ல ஒலத்து."

"அது ஏற்கெனவே வெள்ளைதான்ப்பா! தண்ணிய விட்டு எடுத்தாச் செத்துரும்!"

"ஈரத்துல கெடந்து நல்லாருந்த பொருள நான் பாத்ததில்ல."

தொட்டியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். "அப்ப என்னையும் சேத்து ஒலத்துங்க!"

"நீ காஞ்சா கால் கிலோ தேறமாட்ட" என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்பா படுக்கிற இடத்திலிருந்த டேபிள் ஃபேனைப் பிடுங்கித் தொட்டிப் பக்கம் திருப்பிவைத்தேன். தண்ணீர் குளிர்ந்தது, அப்பா வேர்த்தார். சோறு கிடைக்காமல் போனாலும் போகட்டும் என்று வீராப்பாகத்தான் இருந்தேன், சாப்பாட்டு நேரம் வரும்வரை.

"ஃப்ரிட்ஜுக்குள்ள அந்தப் பல்லி சோலி எதுவும் வரக்கூடாது" என்று அப்பா உத்தரவு போட்டார். மதியாமல் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து உறையவைத்து, அதைத் தொட்டியில் மிதக்கவிட்டேன். அது உருண்டு உருண்டு பிராணியின் மண்டையில் இடித்தது. அதற்கும் அது சிரித்தது.

நாள் போகப் போகப் பஞ்சு உதிர்ந்தது. ஒரு மாலை என் விரலிலிருந்த மண்புழுவை லபக்கென்று விழுங்கியது. "பாத்தீங்களா!" என்று கத்திக்கொண்டு தெருவெல்லாம் ஓடினேன். இந்த வீட்டையே எதிர்த்துத் தனியாளாக ஜெயித்தவன் அல்லவா!

நான் உறையவைத்தது ஒரே ஒரு பாட்டில். ஆனால் விளையாடிவிட்டு எப்போது வந்தாலும் புதிதாக ஒன்று தொட்டியில் குளிர்ந்துகொண்டிருக்கும். மண்டையில் இடிக்காதபடி, கழுத்தில் சணல் கட்டி, ஒரு மூலையில் தொங்கவிடப்பட்டு. அந்தச் சணல்தான் பெரிய தொல்லை. உருகிப்போன பாட்டிலை வெளியே எடுக்கலாம் என்றால், எவ்வளவு முயன்றாலும் முடிச்சு அவிழாது.

"எவன்டா இப்படி இறுக்கிக் கட்டுனது!" என்று அப்பாவின் காதுபடவே திட்டிக்கொண்டு, அதைக் கத்தரியால் வெட்டுவேன்.