அலசிய தண்ணீர்

நான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். என் மகளுக்கு நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் இடத்தில் வேலை. குழாய் துருப்பிடிக்காமலிருக்க மருந்து தேர்ந்தெடுப்பாள். மாசி மகத்துக்குச் சாமி நீராடுகிற கடலில் மருந்து கலக்கிறாளே என்று எனக்கு உறுத்தல். விடுப்பில் வந்தவள் வரதர் கோயிலுக்குக் கிளம்பியபோது கேட்டே விட்டேன்.

"கடலைக் கெடுத்துட்டு, எந்தக் கையாலம்மா தீர்த்தம் வாங்குவே?"

போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். போனில் ஒரு படம் காட்டினாள். இரண்டு கண்ணாடி பாட்டில்கள். ஒன்றில் தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது. மற்றதில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்க, அடியில் தண்ணீர் தெளிந்திருந்தது.

"ரெண்டு மருந்துமே துருவை நிறுத்துதுப்பா. ஆனா மொதல் மருந்து போட்டா எண்ணெய், அதோட சேர்ந்து மேல வர்ற தண்ணியில கலந்துக்கினு பிரியவே மாட்டேங்குது. அந்தத் தண்ணி திரும்பக் கடலுக்குத்தான் போவுது. அதனால ரெண்டாவதுதான் வேணும்னு சண்டை போட்டு வாங்கினேன். நீயும் அலசின தண்ணியத்தானேப்பா பார்ப்பே?"

உண்மைதான். சாயம் நின்றதா என்று நான் நூலைப் பார்த்துச் சொல்வதில்லை. கடைசியாக அலசிய தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்வேன்.

"வாம்மா, நடை சாத்திடப் போறாங்க" என்றேன்.

சன்னதியில் அவள் கை நீட்டித் தீர்த்தம் வாங்கினாள். அடுத்து நின்ற நான், சாயக்கறை படிந்த என் கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினேன்.