மீதி அடுத்த தடவை

"நிலாவிலேர்ந்து திரும்பி வந்தவங்க சுங்கத்துல கையெழுத்துப் போட்டாங்களே, என்ன சரக்கு கொண்டு வந்தோம்னு எழுதினாங்க? யோசிங்க, யோசிங்க!" என்று கேட்டுக்கொண்டே ஊசியை ஏற்றிவிடுவார். தங்கமா, வைரமா என்று நாம் மண்டையைக் குழப்பிக்கொள்வதற்குள் குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்திருக்கும். "கல்லும் தூசியும்தான்!" என்று பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வலியைத் திட்ட நமக்கு நேரம் இருக்காது, அவ்வளவுதான்.

டயாலிசிஸ் பிரிவில் அவர் டெக்னீஷியன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிற வேலை. வாரத்துக்கு மூன்று நாள் அவரிடம் கையை நீட்டிக்கொண்டு கிடந்தவள் நான். அண்ணன் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்து என்னை மீட்டுப் பல வருஷமாகிறது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த அறையை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஸ்பிரிட் வாசனையும் மெஷின்களின் முணுமுணுப்பும் ஒருத்தியை ஏங்க வைக்குமா? வைக்கிறதே, என்ன செய்ய.

ஆள் ஒல்லி. நடக்கும்போது செருப்பு அவருக்கு ஒரு அடி பின்னால்தான் வரும். இத்தனை விஷயத்தை எங்கேதான் பொறுக்குவாரோ! நிலாப் பயணத்தை முதன்முதலில் சினிமாவாக எடுத்தவர்களில் ஒருவரின் பிலிம் சுருள்களைப் பட்டாளத்துக்காரர்கள் உருக்கிப் பூட்ஸுக்குக் குதிகால் செய்தார்களாம். அதைச் சொல்லிவிட்டு, தன் கண்முன்னே உருக்கியதுபோல மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொள்வார். வீட்டில் இந்தப் பருப்பு வேகாது. "கேஸ் தீர்ந்துபோச்சு. அந்த அதிசயம் உங்களுக்குத் தெரியுமா?" என்பாராம் அவர் மனைவி.

பெரிய விஷயங்களை மட்டும் பாதியில் அறுத்துவிடுவார். மெஷினை நிறுத்திக்கொண்டே, "மீதி அடுத்த தடவை" என்பார். அடுத்த தடவை என்பது எங்களுக்கு உயிர். சிலர் சலித்துப்போய் வராமல் இருந்துவிடுவார்கள். தொடர்ந்து வராவிட்டால் உடம்பில் நீர் ஏறி, மூச்சு முட்டி, ஆள் தங்காது. அதனால்தான் இந்தத் தந்திரம் என்று எங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் மாட்டிக்கொண்டோம். அவருக்கு 'மீதி' என்றே பெயர் வைத்தோம். போனில் தேடிப் பார்ப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தமும் இருந்தது.

என் பக்கத்துப் படுக்கைப் பெரியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி போனதிலிருந்து, "யாருக்காகக் குத்திக்கிட்டுக் கிடக்கணும்?" என்று ஆரம்பித்திருந்தார். மீதி தன் கைச்சரக்கிலேயே கனமானதை எடுத்து அவரிடம் விட்டார். "நிலாவிலேர்ந்து கிளம்பணும். இன்ஜினுக்கான சுவிட்ச் ஒடிஞ்சு கிடக்கு. உள்ளே ரெண்டு பேர். என்ன பண்ணினாங்க?" பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சொல்லிட்டுப் போப்பா!"

"மீதி அடுத்த தடவை."

அடுத்த தடவை படுக்கை காலியாக இருந்தது. மீதி அங்கேயே நின்று போன் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார்.

"என் மக போன்ல தேடிச் சொல்லிட்டாப்பா. பேனாவால அழுத்தினாங்களாம். தெரிஞ்சுபோச்சு, இனிமே அங்க எனக்கு என்ன இருக்கு? என் ஸ்டாப் வந்தாச்சு, நான் இறங்கிக்கிறேன்."

அப்பா தூக்கமில்லாமல் புரள்கிறாரே என்று பாசத்தில் செய்திருக்கிறாள் அந்தப் பெண். யாரைக் குறை சொல்வது? மீதி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "ஐயா, எங்கிட்ட சரக்கு தீர்ந்துபோச்சு. நீங்க ஒண்ணு கேளுங்களேன்" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு செருமல்.

"நிலாவுல மனுஷன் கால் வச்ச அன்னிக்குத்தான் எனக்குக் கல்யாணம். வந்தவங்க எல்லாரும் ரேடியோவைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. மாப்பிள்ளையைக் காணோம். நான் எங்க போனேன், சொல்லு பார்ப்போம்?"

"ரேடியோ கேக்கத்தானே?"

"இல்லை."

"பயந்து ஓடிட்டீங்களா?"

"அட போப்பா! அவளைக் கட்டிக்க ஆடி மாசம்னுகூடப் பார்க்காம ஓடி வந்தவன் நான். அன்னிக்கு எங்க போனேன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவதான். அவளும் போயாச்சு."

"இதை எந்தப் போன்லயும் தேட முடியாது ஐயா. நேர்ல வந்து சொல்லுங்க" என்றார் மீதி. கெஞ்சலாகத்தான் கேட்டார்.

மறுநாள் காலை மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியவர் வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. எனக்கு அன்று முறையில்லை. ஏதோ மாத்திரைச் சீட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். மீதி கேள்வி எதுவும் கேட்காமல் ஊசியை ஏற்றினார். பெரியவர் முகம் சுளிக்கவில்லை. அவர் வேறொரு நாளில் இருந்தார், வாயோரத்தில் ஒரு மாப்பிள்ளைச் சிரிப்பு.

"சரி, கேட்டுக்கோ. அன்னிக்கு நான் எங்க போனேன்னா..."

நர்ஸ் நடப்பதை நிறுத்தினாள். நான் படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மீதியின் முகத்தில் ஆசை வழிந்தது, அப்படி ஒரு ஆசை. ஆனால் மனிதர் சட்டென்று ஒரு அடி பின்வாங்கி, கையுறை மாட்டிய இரண்டு கைகளாலும் தன் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டார்.