மதிய மணியும் நாலு ஊரும்

லால்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு அப்பாதான் உபதேசியார். பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் ஜெபம் சொல்வதிலிருந்து மணியடிப்பது வரை அப்பா பொறுப்பு.

மதியம் பன்னிரண்டுக்குத் திரிகால மணி. மும்மூன்றாக மூன்று தடவை அடித்துவிட்டு, பிறகு விடாமல் அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் நடுவே நெடுநேரம் விட்டால் அது துக்க மணி. சுற்றியிருந்த நாலு ஊருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்; ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதது என்று எதுவுமே இல்லை.

"பொட்டப்புள்ள இழுத்தா மணி அசையுமா?" என்று பெரியப்பா மகன் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அப்பாவை நச்சரித்தேன். ஒருநாள் மெழுகுவர்த்தி வாங்க லால்குடிக்குக் கிளம்பியவர், "இன்னைக்கு நீ அடி. ஒழுங்கா அடிச்சிட்டா இனிமே மதிய மணி உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

கயிற்றில் தொங்கினேன். ஒரு 'டாங்'. கயிறு என்னையும் சேர்த்து மேலே தூக்கியது. இறங்கி, மூச்சு வாங்கி, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி தொங்கினேன். இன்னொரு 'டாங்'. இப்படியே கால் மணி நேரம்.

வெளியே வந்தால் கூட்டம்! என் திறமை ஊரையே இழுத்துவிட்டது என்று நினைத்து, பெரியப்பா மகன் எங்கே என்று தேடினேன். முழங்கால் வரை சேற்றோடு நடவுப் பெண்கள். பாடை கட்ட மூங்கிலோடு பக்கத்து ஊர் ஆண்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாதே என்று கேன் நிறைய டீயோடு டீக்கடை பாய்.

"யாரு பாப்பா தவறிட்டாங்க?" என்றார் பாய்.

ஓடிவந்த அம்மா என் காதைப் பிடித்தாள். "யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. இந்தக் கழுத மணியடிச்ச லட்சணம்!"

நடவுக்கார அக்கா ஒருத்தி சிரித்தாள். "அப்பாடா! டீய ஊத்துங்க பாய், குடிச்சிட்டுப் போறோம்."

"துக்கத்துக்குன்னு சர்க்கரை போடாம கொண்டாந்துட்டேனேம்மா!"

மதிய மணி பெரியப்பா மகனுக்குப் போனது. அவமானத்தில் நான் ஒரு வேளை பட்டினி கிடந்தேன். அன்றைக்குப் பாகற்காய்க் குழம்பு என்பதும் ஒரு காரணம்.

இன்று யாராவது என் ஊரைப் பற்றிக் கேட்டால் காலரில்லாத சட்டையிலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இதைத்தான் சொல்கிறேன். வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கோயிலுக்குள் கால் வைத்ததே இல்லை. அன்று கைநழுவிய மணிக்காக அழுதுகொண்டிருந்த எனக்கு ஒன்று உறைக்கவேயில்லை: நாற்றுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்த ஒருவர்கூட, செத்தது யார் என்று தெரிந்துகொண்டு புறப்படவில்லை.